யார் எதைப் பார்க்கலாம்: ஓடூவில் டீம்வாரியாகப் பார்வை அனுமதி போட்ட விதம்

எங்கள் கொம்பனி குழாய், வால்வு, பாத்ரூம் பிட்டிங்ஸ் இறக்குமதி செய்து மொத்த விலைக்கு விற்கிறது. கந்தோர் கொழும்பு 12இல், பழைய சோனகத் தெருவை ஒட்டி இருக்கிறது. விற்பனைக்கு ஐந்து டீம். கொழும்பு நகரம், நீர்கொழும்பில் இருந்து களுத்துறை வரை மேல் மாகாணம், கண்டியை மையமாக வைத்த மலையகம், வடக்கு கிழக்கு, அப்புறம் கட்டட ஒப்பந்தக்காரர்களோடு மட்டும் வியாபாரம் பேசும் புரொஜெக்ட் டீம். ஓடர், பில், ஸ்டொக் எல்லாம் ஓடூ (Odoo) என்ற வியாபார மென்பொருளின் 17ஆம் கம்யூனிட்டி பதிப்பில் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

முதலாளி கேட்டது ஒரே ஒரு வரி: "ஒரு டீம்காரர் மற்ற டீமின் ஓடரைப் பார்க்கக் கூடாது."

கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஓடூவிலே விற்பனைப் பகுதிக்கு ஏற்கெனவே மூன்று படிகள் உண்டு. தன் ஆவணங்கள் மட்டும், எல்லா ஆவணங்களும், நிர்வாகி. எங்கள் ரெப்மார் (விற்பனைப் பிரதிநிதிகள்) எல்லோருமே 'எல்லா ஆவணங்களும்' என்ற படியில்தான் இருந்தார்கள். காரணம் சோம்பல் இல்லை. 'தன் ஆவணங்கள் மட்டும்' என்று போட்டால், ஒருவர் லீவில் போன அன்று அவருடைய கடைக்காரர் கோல் எடுத்து "என்ட ஓடர் எங்க?" என்று கேட்டால் பக்கத்து மேசைக்காரரால் பதில் சொல்ல முடியாது. ஆக வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு படி: தன் டீமின் ஆவணங்கள். அந்தப் படி மென்பொருளோடு வருவதில்லை, நாங்களே கட்ட வேண்டும்.

ஓடர் யாருடையது?

திரையில் கை வைப்பதற்கு முன்னால் டீம் லீடர்மார், கணக்குப் பிரிவு, ஸ்டோர் ஆட்கள் என்று எல்லோரையும் உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டேன். ஓடர் ரெப்புடையதா, டீமுடையதா, கடையுடையதா? எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை.

இந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு போனால் பிறகு எல்லாமே கோணலாகும். மலையக டீமில் இருந்த ஒரு ரெப் கொழும்பு டீமுக்கு மாறிவிட்டார் என்று வையுங்கள். பார்வை விதியை "ரெப் இப்போது எந்த டீமில் இருக்கிறாரோ அந்த டீம் பார்க்கலாம்" என்று எழுதினால், மாத்தளைக் கடைகளின் பழைய ஓடர் எல்லாம் அவரோடு சேர்ந்து கொழும்புக்கு இறங்கிவிடும். கண்டியில் அவருடைய இடத்துக்கு வந்த புதிய ரெப்புக்கு அந்தக் கடைகளின் பழைய கணக்கு வெறுமையாக இருக்கும். விலை என்ன கொடுத்தோம், எது திரும்பி வந்தது என்று ஒன்றும் தெரியாது. அதனால் ஓடர் எழுதப்படும் நேரத்தில் அதன்மேல் பதியும் டீம் எதுவோ அதுவே உரிமை டீம், ரெப் எங்கே போனாலும் ஓடர் நகராது என்று முடிவெடுத்தோம். ஓடூவில் ஓடர், பில் இரண்டிலுமே டீம் என்ற புலம் (ஒரு விவரத்தை நிரப்பும் கட்டம்) இருப்பதால் புதிதாக ஒன்றும் தேவைப்படவில்லை.

புரொஜெக்ட் டீம் லீடர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒப்பந்தக்காரரின் கந்தோர் வெள்ளவத்தையில், கட்டடம் எழும்புவது யாழ்ப்பாணத்தில். ஓடர் புரொஜெக்ட் டீமுடையது, சாமானை இறக்கிக் கணக்குப் பார்ப்பது வடக்கு கிழக்கு டீம். இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். அதற்காக ஓடரில் 'உதவி டீம்' என்று இரண்டாவது புலம் ஒன்றைச் சேர்த்தோம். பெரும்பாலான ஓடர்களில் அது காலியாகவே இருக்கும்.

கணக்குப் பிரிவில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னது வேறு. "தம்பி, மறைக்கிறது உங்கட வேலை. காசு வராட்டி கேட்கிறது என்னைத்தான். ஒரு கடையின்ட செக் திரும்பினா அது அஞ்சு டீமுக்கும் தெரியோணும்." எங்கள் வியாபாரத்தில் கடன் ஓடுவதே பின்திகதியிட்ட செக்கில். நீர்கொழும்பில் ஒரு கிளை, கொழும்பில் ஒரு கிளை என்று வைத்திருக்கும் கடைக்காரர் ஒரு டீமிடம் செக்கைத் திருப்பிவிட்டு மற்ற டீமிடம் புதிய கடன் வாங்கக்கூடும். அக்காவின் இந்த ஒரு வரி, வாடிக்கையாளர் அட்டையை நாங்கள் கையாண்ட விதத்தையே மாற்றியது. அதைக் கீழே சொல்கிறேன்.

டீமுக்கு ஒரு கொம்பனி என்று ஓடூவுக்குள்ளேயே பிரித்துவிடலாமே என்றும் ஒருவர் கேட்டார். பிரிக்கலாம், பூட்டும் இறுக்கமாக இருக்கும். ஆனால் ஸ்டோர் ஒன்று, வங்கிக் கணக்கு ஒன்று, வற் பதிவு ஒன்று. வேண்டாம் என்று விட்டோம்.

குரூப் கூட்டினால் பார்வை குறையாது

ஓடூவில் அனுமதி இரண்டு அடுக்கு. முதலாவது, ஓடர் என்ற வகையை இந்தக் குரூப் (பயனர் குழு) வாசிக்கலாமா, திருத்தலாமா, புதிதாக எழுதலாமா, அழிக்கலாமா என்பது. இரண்டாவதுக்கு ரெக்கோர்ட் ரூல் என்று பெயர். அந்த வகைக்குள்ளே எந்தெந்த வரிகள் கண்ணில் படலாம் என்பதை அது தீர்மானிக்கும். டீம் பார்வை இந்த இரண்டாவது அடுக்கில்தான் வருகிறது.

ரெக்கோர்ட் ரூலிலும் இரண்டு சாதி. எந்தக் குரூப்புக்கும் கட்டாமல் விட்டால் அது எல்லோருக்கும் பொதுவான விதி. பொது விதிகள் எத்தனை இருந்தாலும் அத்தனையையும் ஒரு பதிவு தாண்டியாக வேண்டும். குரூப்புக்குக் கட்டிய விதிகள் அப்படி இல்லை. ஒருவர் இருக்கும் குரூப்புகளில் ஏதாவது ஒன்றின் விதி சம்மதித்தாலே போதும், பதிவு தெரியும். குரூப் என்பது சாவிக்கொத்து மாதிரி. புதிய சாவி ஒன்றைக் கோத்தால் திறக்கும் கதவு கூடுமே தவிரக் குறையாது.

இது விளங்காமல் வேலை தொடங்கினால் தலை சுற்றும். 'எல்லா ஆவணங்களும்' என்ற குரூப்பில் இருக்கும் ரெப்புக்கு 'டீம் ஆவணங்கள்' என்று புதிதாக ஒரு குரூப்பைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. பழைய குரூப்பின் விதி "எல்லாம் சரி" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். முதலில் அந்தக் குரூப்பைக் கழற்ற வேண்டும்.

நாங்கள் கட்டியது இப்படி. 'டீம் ஆவணங்கள்' என்று ஒரு புதிய குரூப். அது 'தன் ஆவணங்கள் மட்டும்' என்ற குரூப்பைத் தனக்குள் அடக்கியது. அதன் விதி: ஓடரின் டீம் உறுப்பினர் பட்டியலில் இந்தப் பயனர் இருக்க வேண்டும், அல்லது உதவி டீமின் பட்டியலில் இருக்க வேண்டும். ரெப்மார் இந்தப் படிக்கு இறங்கினார்கள். கணக்குப் பிரிவும் ஸ்டோரும் பழையபடி எல்லாவற்றையும் பார்க்கும் படியிலேயே இருக்கிறார்கள். பொது விதியாக எழுதாததற்கு அவர்கள்தான் காரணம். பொது விதி போட்டால் சாமான் ஏற்றும் ஸ்டோர்கீப்பருக்கும் ஓடர் மறைந்துவிடும்.

விதியில் உறுப்பினர் பட்டியலைத் தேடச் சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு. "ஓடரின் டீம் = பயனரின் டீம்" என்று சுருக்கமாக எழுதலாம், இணையத்தில் கிடைக்கும் உதாரணங்கள் பலவும் அப்படித்தான் இருக்கும். ஆனால் எந்த டீமிலும் போடப்படாத பயனர் ஒருவர் உள்ளே வந்தால் அவருடைய டீம் 'காலி'. அந்த விதியின்படி டீம் காலியாக இருக்கும் ஓடர் எல்லாம் அவருக்குத் திறந்துவிடும். அதோடு ஒருவர் இரண்டு டீமில் இருந்தால் முதன்மை டீம் மட்டும்தான் கணக்கில் வரும். பட்டியலுக்குள் தேடினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

'தன் ஆவணங்கள் மட்டும்' என்று சொல்லும் மூல விதியையும் திறந்து வாசித்துப் பாருங்கள். பெயரில் இல்லாத ஒன்று உள்ளே இருக்கும். "ரெப் நான்தான், *அல்லது ரெப் என்ற புலம் காலி*." யாரிடமும் ஒப்படைக்காத வாடிக்கையாளர் விசாரணையை யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில் வைத்தது, தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் எங்களுக்கு வட்ஸ்அப்பிலும் போனிலும் வரும் விசாரணைகளை முன்மேசை மிஸ் பதிந்துவைப்பார், ரெப்பைப் பிறகுதான் போடுவார். அந்த இடைவெளியில் ஐந்து டீமும் அதைப் பார்த்துவிடும், ஐந்து பேரும் அதே ஒப்பந்தக்காரருக்குக் கோல் எடுப்பார்கள். மூல விதியை நான் திருத்தவில்லை. அதன் 'செயலில்' என்ற குறியை எடுத்துவிட்டு, "ரெப் நான்தான்" என்று மட்டும் சொல்லும் எங்கள் விதியைப் பக்கத்தில் வைத்தேன். ஓடருக்கும் விசாரணைக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். பிறகு வருகிற ஆளுக்கு என்ன மாறியது என்று பார்த்தவுடனே தெரியும், பழையபடி ஆக்குவதும் ஒரு சொடுக்கில் முடியும்.

மொத்தம் இருக்கு, சாமான் இல்லை

விதி போட்டு முதலில் சோதித்தது மலையக டீமில். சற்று நேரத்தில் கண்டியில் இருந்து கோல் வந்தது. "அண்ணே, என்ட டீம் ஆளின்ட ஓடர் திறக்குது. கீழ மொத்தம் காட்டுது. ஆனா உள்ளுக்க சாமான் ஒண்டும் இல்ல."

திரையைப் பகிரச் சொன்னேன். அப்படியேதான் இருந்தது. கடையின் பெயர், திகதி, கீழே வரியோடு சேர்த்து மொத்தத் தொகை எல்லாம் சரி. நடுவில் பொருள் வரிகள் வர வேண்டிய கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. யாரோ ஓடரை எழுதிவிட்டுச் சாமானை அழித்துவிட்டார்கள் என்றே அவர் நினைத்துவிட்டார்.

காரணம் இது. ஓடரும் ஓடரின் வரிகளும் ஓடூவுக்கு இரண்டு வேறு வகைகள். ஓடருக்குத் தனி விதி, வரிக்குத் தனி விதி. நாங்கள் டீம் விதியை ஓடருக்குப் போட்டிருந்தோம். வரிகளுக்கு மூலத்தில் வரும் "விற்றவர் நான்தான்" என்ற விதி மட்டுமே வேலை செய்தது. மொத்தத் தொகை ஓடரிலேயே சேமிக்கப்பட்ட எண் என்பதால் அது தெரிந்தது. வரிகள் வடிகட்டப்பட்டுவிட்டன. பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் ஓடூவின் கணக்கில் இது பிழையே இல்லை. பார்க்கக் கூடாதவற்றைக் காட்டாமல் விட்டது, அவ்வளவுதான்.

ஆகவே ஒரே டீம் விதியை ஓடர், ஓடர் வரி, விற்பனை அறிக்கை, பில், பில் வரி, பில் அறிக்கை, விசாரணை என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். வரிகளுக்கு எழுதும்போது "வரி சேர்ந்திருக்கும் ஓடரின் டீம்" என்று ஒரு படி மேலே ஏறிப் போக வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் ஒன்று விட்டுப்போனால் இரண்டில் ஒன்று நடக்கும். அந்த வகைக்கு ஏற்கெனவே இறுக்கமான விதி இருந்தால் காட்ட வேண்டியது மறையும், கண்டியில் நடந்தது அதுதான். விதியே இல்லாவிட்டால் எல்லாமே தெரியும். விதி இல்லாத இடத்தில் ஓடூவின் இயல்பு மறுப்பது இல்லை, அனுமதிப்பதுதான். முதல் வகைப் பிழைக்கு ரெப் உடனே கோல் எடுப்பார். இரண்டாவதற்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

வாடிக்கையாளர் அட்டை

முதலாளியின் உண்மையான பயம் ஓடரில் இல்லை. கொம்பனியை விட்டுப் போகும் ரெப் கடைக்காரர்களின் போன் நம்பரோடு போவார் என்பதுதான். கடைகளையும் டீம்வாரியாக மறைத்துவிடு என்றார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை.

கடையை மறைத்தால் என்ன நடக்கும்? வடக்கு கிழக்கு ரெப் பெயரைத் தேடுவார், வராது. புதிய கடை என்று நினைத்து இன்னொரு அட்டை திறப்பார். இப்போது ஒரே கடைக்கு இரண்டு கணக்கு, இரண்டு கடன் எல்லை. ஒன்றில் செக் திரும்பியது மற்றதில் தெரியாது. அக்கா பயந்ததை நாங்களே கையால் செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் அட்டையை இரண்டாகப் பிரித்தோம். கடை என்ற தாய்ப் பதிவு எல்லோருக்கும் தெரியும். பெயர், ஊர், வற் இலக்கம், கந்தோர் தொலைபேசி, அதோடு 'கடன் நிறுத்தம்' என்று ஆம் அல்லது இல்லை சொல்லும் ஒரு குறி. ஏன் நிறுத்தினோம் என்பது அங்கே இருக்காது. கடைக்காரரின் கைத்தொலைபேசி, வாங்கும் பொறுப்பில் இருப்பவரின் பெயர், பிறந்தநாள் எல்லாம் கடைக்குக் கீழே வரும் ஆள் பதிவுகளில். அந்த ஆள் பதிவுகளுக்கு மட்டும் டீம் விதி.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஓடூவில் கடையும் ஆளும் கொம்பனியின் ஊழியர்களும் ஒரே வகைப் பதிவுகள்தான். விதியைக் கவனமில்லாமல் எழுதினால் சக ஊழியர்களின் பதிவும் மறைந்து, ஓடருக்குக் கீழே நடக்கும் உரையாடலைத் திறந்தாலே அனுமதி இல்லை என்று வரும். எங்கள் விதி முதலில் "தாய் இல்லாத பதிவு எல்லாம் சரி, பயனர் கணக்கோடு இணைந்த பதிவு எல்லாம் சரி" என்று வழி விட்டுவிட்டுத்தான் டீமைப் பார்க்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துவைத்திருங்கள். மறைத்த ஆளின் பெயர் வேறொரு பதிவில் இணைப்பாக வந்தால் பெயர் தெரியும், சொடுக்கினால்தான் மறுக்கும். ஓடூ இதை வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறது. ஓடரைப் பார்க்க உரிமை உள்ளவர் அதில் எழுதியிருக்கும் பெயரையும் பார்க்கலாம் என்பது அதன் கணக்கு. பெயரே இரகசியம் என்றால் இந்த வழி உங்களுக்குச் சரிவராது.

கடை எல்லோருக்கும் தெரியும் என்று வைத்தவுடன் அடுத்த ஓட்டை திறந்தது. கடைப் பதிவின் கீழே வருடக்கணக்கான குறிப்புகள் இருந்தன. "செக் திரும்பியது", "மகன் பொறுப்பெடுத்த பிறகு காசு இழுபடுகிறது". அதோடு கடன் விண்ணப்பத்துக்காக வாங்கிய அடையாள அட்டைப் பிரதிகளும். பதிவைப் பார்க்கக்கூடியவர் அதன் குறிப்பையும் இணைப்பையும் பார்க்கலாம், அது தனி அனுமதி இல்லை. எந்த நோக்கத்துக்குத் தரவை வாங்கினோமோ அந்த நோக்கத்தைத் தாண்டிக் கையாளக் கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருக்கும் கடமைகளில் ஒன்று. நீர்கொழும்பு ரெப்புக்குத் திருகோணமலைக் கடைக்காரரின் அடையாள அட்டை எதற்கு? 'கடன் கோப்பு' என்று ஒரு தனி வகையை உருவாக்கிக் கணக்குப் பிரிவும் அந்தந்த டீம் லீடரும் மட்டும் பார்க்கும்படி விதி எழுதினோம். பிரதிகளை அங்கே நகர்த்தும் வேலையை அக்காவின் மேசைக்காரர்கள் செய்தார்கள். முழு வேலையிலும் அதிக நேரம் இழுத்தது இதுதான், ஒரு வரி நிரல்கூட இதில் இல்லை.

கொஸ்ட்

இறக்குமதிக்காரனுக்குப் பொருள் இறங்கிய விலைதான் உயிர். ஓடூவில் பொருளின் கொஸ்ட் உள்ளக ஊழியர் எல்லோருக்கும் தெரியும்படியே வரும். ரெக்கோர்ட் ரூலால் இதை மறைக்க முடியாது. ரூல் முழுப் பதிவையும்தான் மறைக்கும், ரெப்புக்கோ பொருள் தெரிய வேண்டும். புலத்தின் மேலேயே குரூப் கட்ட வேண்டும். அது நிரலில் செய்கிற வேலை, சின்ன மொடியூல் ஒன்று போதும்.

திரை அமைப்பில் அந்தப் புலத்தை 'காட்டாதே' என்று போட்டால் மறைத்தாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்போது எண் பிரவுசர் வரை வந்துவிடும், கண்ணுக்குத்தான் தெரியாது. பட்டியலை ஏற்றுமதி செய்தால் எக்செல்லில் பளிச்சென்று நிற்கும்.

கொஸ்டை மறைத்தவுடன் மார்ஜினையும் மறைக்க வேண்டும். விற்ற விலையில் மார்ஜினைக் கழித்தால் கொஸ்ட் வந்துவிடும், அதற்குக் கல்குலேட்டர்கூட வேண்டாம். ரெப்மாரின் கமிசன் மார்ஜினில் கணக்கிடப்படுவதால் அவர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். டீம் லீடரிடம் மட்டும் மாத முடிவில் மொத்த மார்ஜின் போகும் என்று ஒத்துக்கொண்டோம். ஒரு பொருளை மட்டும் விற்ற மாதத்தில் மொத்தத்தில் இருந்தே கொஸ்டைப் பிரித்தெடுக்கலாம்தான். அந்தளவுக்கு மெனக்கெடுபவர் நல்ல ரெப்பாகத்தான் இருப்பார் என்று முதலாளி சிரித்தார்.

பின்வாசல்கள்

பட்டியல் திரையில் எல்லாம் ஒழுங்காக மறைந்த பிறகுதான் உண்மையான தேடல். விதி எங்கே பொருந்தாது என்று ஒவ்வொன்றாகத் துருவினோம்.

முந்தி வேலை செய்த ஒருவர் எழுதிய விற்பனை ஒப்பீட்டு அறிக்கை நேரே தரவுத்தளத்தில் எஸ்கியூஎல் பார்வையாக (SQL view, அங்கேயே சேமித்துவைத்த தேடல்) ஓடியது. ஓடூவின் கண்ணில் அது தனி வகை. அதற்கு விதியே இல்லை, ஆகவே ஐந்து டீமின் எண்களும் எல்லோருக்கும். டீம் புலத்தை அந்தப் பார்வைக்குள் சேர்த்து விதி போட்டோம்.

ஒவ்வொரு மாலையும் தானாகப் போகும் 'இன்றைய விற்பனை' மின்னஞ்சல் இன்னொன்று. தானியங்கி வேலைகள் அனேகமாக சூப்பர்யூசராக ஓடும், சூப்பர்யூசருக்கு எந்த ரெக்கோர்ட் ரூலும் கிடையாது. அது எல்லாவற்றையும் அள்ளி எல்லா டீம் லீடருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு லீடரின் பெயரிலும் தனித்தனியாகத் தரவை எடுத்து அனுப்புகிறது.

பின்தொடர்பவர் பட்டியல் சூட்சுமமானது. ஓடரை உருவாக்கியவர் அதன் பின்தொடர்பவராகச் சேர்ந்துவிடுவார். ஓடர் வேறு டீமுக்கு மாற்றப்பட்ட பிறகும் அந்தப் பட்டியலில் அவர் இருப்பார், அங்கே யாராவது செய்தி எழுதினால் அவருக்கு மின்னஞ்சல் போகும். திறந்து பார்க்க முடியாது, ஆனால் உள்ளடக்கம் இன்பொக்ஸில் இருக்கும். ஓடரின் டீம் மாறினால் புதிய டீமில் இல்லாத ரெப்மாரைப் பட்டியலில் இருந்து கழற்றும் தானியங்கி விதி ஒன்று போட்டோம்.

ஏற்றுமதிக்கு ஓடூவில் தனி அனுமதி உண்டு, ரெப்மாரிடம் இருந்து அதை எடுத்துவிட்டோம். திரையைப் போனில் படம் பிடிப்பதை யாரும் தடுக்க முடியாது. ஒவ்வொரு பக்கமாக ஆயிரம் கடையைப் படம் பிடிக்க ஒருவர் துணிந்தால் அது முகாமையாளர் பார்க்க வேண்டிய பிரச்சினை.

சோதித்த விதம்

நிர்வாகி கணக்கில் இருந்து அனுமதியைச் சோதிக்கவே கூடாது, எல்லாம் தெரியும். 'சோதனை கண்டி', 'சோதனை வடக்கு', 'சோதனை ஸ்டோர்' என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கணக்கு திறந்து, பிரவுசரின் தனிச் சாளரத்தில் நுழைந்து பார்த்தோம். விரிதாளில் இடது பக்கம் பாத்திரங்கள், மேலே பதிவு வகைகள், ஒவ்வொரு கட்டத்திலும் தெரிய வேண்டும் அல்லது தெரியக் கூடாது. 'தெரியக் கூடாது' கட்டங்களைப் பட்டியலைப் பார்த்து மட்டும் நிரப்பக் கூடாது. வேறு டீம் ஓடர் ஒன்றின் முழு இணைய முகவரியை நகலெடுத்து, சோதனைக் கணக்கின் முகவரிப் பட்டையில் ஒட்டி, மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த ஓடரின் பில், பில்லின் பிடிஎஃப், கடையின் பக்கத்தில் 'விற்பனை' என்று தெரியும் எண்ணிக்கைப் பொத்தான் என்று சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

மறுப்புச் செய்தி ஆங்கிலத்தில் நீளமாக வரும், ரெப்மார் சிஸ்டம் உடைந்துவிட்டது என்று நினைத்துக் கோல் எடுப்பார்கள். டெவலப்பர் மோட் போட்டுவிட்டு அதே பக்கத்தைத் திறந்தால் எந்த விதி தடுத்தது என்பதையும் செய்தி பெயரோடு சொல்லும். அதனால் விதிகளுக்கு 'ரூல் 1', 'புதிய ரூல்' என்று பெயர் வைக்காமல் 'டீம் பார்வை: பில் வரி' என்று வைத்தோம். கோல் எடுப்பவர் அந்த ஒரு வரியை வாசித்துக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. சிங்களத்திலும் தமிழிலும் ஒரு சிறு குறிப்பு எழுதி ஒபிஸ் வட்ஸ்அப் குரூப்பிலும் போட்டோம்.

லீவுப் பிரச்சினைக்கு வேறு வழி தேவைப்படவில்லை. டீமுக்குள் எல்லோரும் பார்ப்பதால் பக்கத்து மேசைக்காரர் பதில் சொல்லிவிடுவார். டீம் முழுதுமே இல்லாத சந்தர்ப்பம், உதாரணத்துக்கு வடக்கு கிழக்கு டீம் தைப்பொங்கலுக்கு ஊரில் நிற்கும்போது, கொழும்பு டீமில் ஒருவரை முடிவுத் திகதியோடு அந்த டீமின் உறுப்பினராகச் சேர்க்கிறோம். திகதி தாண்டினால் இரவில் ஓடும் வேலை ஒன்று அவரைக் கழற்றிவிடும். கையால் கழற்றலாம் என்று விட்டிருந்தால் சித்திரைப் புத்தாண்டு வரைக்கும் அவர் அங்கேயே இருந்திருப்பார்.

இன்னும் மூடப்படாத ஒன்று வான் சேல்ஸ் அப். வானில் போகும் ரெப்மார் போனில் ஓடர் எழுதும் இந்தச் செயலி ஓடூவோடு ஒரே ஒரு கணக்கில் பேசி வந்தது. எல்லா வானுக்கும் அதே கணக்கு, அதுவும் 'எல்லா ஆவணங்களும்' படியில் இருந்தது. ஓடூவுக்கு அந்தப் பக்கம் இருப்பது கண்டி ரெப்பா, களுத்துறை ரெப்பா என்று தெரியவே இல்லை. மேலே எழுதிய அத்தனை விதியும் இந்த வாசலில் செல்லுபடியாகவில்லை. செயலி தன் பக்கத்தில் வடிகட்டிக் காட்டியது, ஆனால் தரவு முழுதும் போனுக்குள் இறங்கிய பிறகுதான் வடிகட்டல். ஒவ்வொரு ரெப்பின் சொந்தக் கணக்கிலும் ஏபிஐ சாவி (வெளிச் செயலி உள்ளே நுழையும் கடவுச்சொல் மாதிரி) எடுத்து அந்தச் சாவியோடு பேசும்படி செயலியை மாற்றச் சொல்லியிருக்கிறோம். மேல் மாகாண வான்களில் மாற்றியாகிவிட்டது. மற்றவை முடியும் வரைக்கும் பொதுக் கணக்கை 'டீம் ஆவணங்கள்' படிக்கு இறக்கி, டீமுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.